சில்காக் காயலில் ஒரு பகல்

(ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வரும் மார்கழியில் நம் காலனிக் குடும்பங்களை எங்கேனும் ஒருநாள் உலாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்து, இடத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்மீது சுமத்தியிருக்கிறது. தட்சிணேசுவரம், பேலூர், டைமண்ட் ஹார்பர் ஆகிய இடங்கள் முன்மொழியப்பட்டன. நல்ல இடங்களே, ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் நாம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். நான் சொல்ல வந்தது சில்கா. இப்பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் சில தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். அந்தப் பழங்கணக்கைச் சற்றுப் பொறுத்துத் தீர்க்கிறேன். முதலில் இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

நம்மில் சில்காவைக் காணாதவர் இரார். ஹௌராவில் இரவு சென்னை மெயில் ஏறிப் படுத்தால், மறுநாட் காலை, காப்பிக்காரன் குரல் கேட்கும் நேரத்தில், இடப்பக்கச் சன்னலில் வானமும் நீரும் ஒன்றாகக் கிடக்கும். குழந்தைகள் கடல் என்று கூவுவார்கள். பெரியவர்கள் ஏரி என்று திருத்துவார்கள். மலை ஒன்று வந்து மறைக்கும். அதற்குள் இட்டிலிப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுவோம். ஒடிய மக்கள் உத்கலமணி என்று போற்றும் கோபபந்து தாஸ் ஓடும் புகைவண்டியிலிருந்து சில்காவைக் கண்டு ஒரு பாட்டே பாடியிருக்கிறார். நாமோ நாற்பது ஆண்டுகளாக அவ்வழியே போய் வந்தும், ஒரு முறை தவிர இறங்கியதில்லை.

சில்காவை ஏரி என்பது வழக்கு. உண்மையில் அது ஏரி அன்று, காயல். கடலலை ஒதுக்கிய மணல்திட்டு ஒருபுறம் கரை கட்ட, மகாநதியின் கிளைகள் மறுபுறம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட, இடையிலே உவரும் நன்னீரும் கலந்து நிற்கும் பரப்பு அது. காயல் என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. தாமிரபருணி கடலொடு கலக்கும் இடத்திலிருந்த பழைய காயல் துறைமுகத்தை மார்க்கோ போலோ எழுதி வைத்தான். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. இந்நாட்டு உவர்நீர்க் காயல்களுள் முதற்பெரியது சில்கா, இரண்டாவது பழவேற்காடு. மழைக்காலத்தில் 1,165 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து, கோடையில் 900 அளவுக்குச் சுருங்குவது சில்காவின் இயல்பு. ஆழமோ பெரும்பகுதியில் இரண்டு மீட்டருக்கு உட்பட்டதே. நம் பிள்ளைகளுக்கு ஏரி என்றால் டாக்கூரியா ஏரிதான். அதை வெட்டியவர்கள் மண்வெட்டிக்காரர்கள். இதை வெட்டியது கடல் என்று அவர்கள் ஒரு தரமாவது கண்ணால் காண வேண்டாமா?

அக்கரைகள் நமக்கு முற்றும் அயலும் அல்ல. 1936 ஏப்ரல் முதல் நாள் ஒரிசா தனி மாகாணம் ஆகும் வரையில் கஞ்சம் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சில்காவின் தென்கரையிலுள்ள ரம்பா அம்மாவட்டத்து ஊர். சென்னைக் கோட்டையிலிருந்து வந்த ஆணை அந்நாளில் இக்காயற்கரை வரையில் நடந்தது. அதற்கும் முன்னே செல்லலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க நூலாசிரியன், கீழைக்கடல் தாண்டிப் பொன்னாட்டுக்குக் கப்பல்கள் புறப்படும் இடத்தருகே பலூரா என்ற பட்டினத்தைக் குறிக்கிறான். அது சில்காவின் தென்முனையை அடுத்த பாலூர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சில்வேன் லெவி என்ற பிரஞ்சு அறிஞர் இன்னும் ஒரு படி சென்று, பலூரா என்பது 'பல்' 'ஊர்' என்னும் திராவிடச் சொற்களின் சேர்க்கை என்றும், பௌத்த நூல்கள் கூறும் தந்தபுரமே அது என்றும் எழுதினார். இதை எல்லாரும் ஒப்பவில்லை. ஆயினும் ஊர்ப்பெயரில் தமிழ் மணம் வந்தால் நமக்கு ஓர் ஆசை எழுவது இயற்கைதானே! காயலின் கடற்புறத்தில் மாணிக்கபட்ணா என்ற ஊரில் அகழ்ந்தபோது சீனத்துப் பச்சைப் பீங்கானும், நம் அரிக்கமேட்டிலே கிடைத்த வகையைச் சேர்ந்த உருளிக்கோட்டு மட்கலத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இது ஆசையன்று, பொருட்சான்று.

இனி நாம் காணவேண்டிய தீவுகள். காலையில் பாலுகாவ் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள பர்குல் துறையில் படகேறினால் காளிஜாயித் தீவு. சிறு குன்றும் அதன்மேல் ஒரு கோயிலுமே அத்தீவு. ஜாயி என்ற பெண்ணைப் பாரிக்குத் தீவில் மணமுடித்துக் கொடுத்தார்கள். தந்தை அவளைப் புகுந்தவீட்டில் விடப் படகில் அழைத்துச் சென்றார். நடுக்காயலில் புயல் வந்து படகு கவிழ்ந்தது. மற்றவரெல்லாம் தப்பினர், மணப்பெண் மட்டும் கிடைக்கவில்லை. அவளே தெய்வமானாள் என்பது கதை. இன்றும் அக்காயலில் வலைவீசுவோர் அவளை வணங்காமல் போவதில்லை. நம் நாட்டுப்புறத்தில் எத்தனை கன்னித் தெய்வங்களுக்கு இதே கதை! இங்கிருக்கும் தாய்மார்களுள் பலர், மணம் முடிந்த மாதமே இந்தக் காயலின் ஓரமாக வண்டியேறி, மொழி தெரியாத கல்கத்தாவுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நான் இக்கதையை விரிக்க வேண்டியதில்லை.

மகர சங்கராந்தி அன்று, அஃதாவது நம் தைப்பொங்கல் நாளில், காளிஜாயியில் பெருந்திருவிழா. இளைஞர் சிலர் அன்றே போகலாம் என்கின்றனர். வேண்டா. கூட்டம் கரையிலிருந்தால் நெருக்கம், படகிலிருந்தால் ஆபத்து. அன்றியும் நம் சங்கத்துப் பொங்கலுக்குப் பானை பிடிக்க ஆள் வேண்டுமே!

பிற்பகலில் சாலைவழி ரம்பாவுக்குப் போவோம். அங்கே தீவுகள் கரைக்கு அணித்தாக நெருங்கிக் கிடக்கின்றன. சிற்றுண்டித் தீவு என்று ஆங்கிலேயர் பெயரிட்ட ஒன்றில் கல்லிக்கோட்டை அரசர் கட்டிய பங்களாவின் இடிபாடு நிற்கிறது. இன்னொன்றில் பாறைமேல் கூம்பு வடிவான தூண் ஒன்றும் சிற்றறை ஒன்றும் உண்டு. கும்பினி காலத்தில் கஞ்சம் கலெக்டராயிருந்த ஸ்னாட்கிராஸ் கட்டியது என்பர். நீர் நடுவே தனியறையில் அமர்ந்து அரசாங்கக் காகிதம் பார்த்த கலெக்டரை நினைத்தால், அலுவலகத்தில் மின்விசிறிக்காகச் சண்டையிடும் நம் போன்றோர்க்குப் பொறாமையே வருகிறது.

பர்குடா என்ற தீவைப் பற்றி மட்டும் இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அது நம் கல்கத்தாவோடு தொடர்புடையது. சௌரிங்கியில் ஜாதுகர் என்று நாம் விருந்தினரை இட்டுச் செல்லும் இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் நெல்சன் அன்னண்டேல். 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைத் தொடங்கி, அதன் முதல் இயக்குநராக இருந்தவரும் அவரே. அவரும் அவர் துணைவர்களும் சில்காவின் உயிரினங்களைப் பல பருவங்களில் ஆராய்ந்து பெரியதொரு நூல்தொகுதியை வெளியிட்டனர். பர்குடாவில் ஆலமரத்தடி மண்ணைக் கிளறியபோது, கால்களே இல்லாத அரணை ஒன்று அகப்பட்டது. 1917இல் அதற்குப் பார்குடியா என்று தீவின் பெயரையே சூட்டினார். நாற்காலியில் அமர்ந்து பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு, இவ்வூர் அறிஞர் ஒருவர் மண்ணில் முழந்தாளிட்டு அறிவு தேடிய இடத்தைக் காட்டுவது நல்லது. அரணையைத் தேடி மண்ணைத் தோண்ட விடக் கூடாது.

பறவைகள் நிறைந்த நலபணா இம்முறை இல்லை. அது 1987 முதல் காப்பிடம், கரையிறங்க இசைவில்லை, போய் வர ஒரு பகல் முழுதும் பிடிக்கும். ஓங்கில் காண சதபாடா போக வேண்டும். அது காயலின் மறுமுனை. அன்றியும் இருப்பதே நூற்றைம்பது அளவான ஓங்கில்களைப் படகுகள் சூழ்ந்து துரத்துவதைக் காண எனக்கு மனமில்லை.

நிற்க. இப்போது அந்தப் பழங்கணக்கு.

1998 டிசம்பரில் நம் காலனியிலிருந்து நாற்பத்திரண்டு பேர் சில்காவுக்குப் போனோம். ஏற்பாடு முழுவதும் என்னுடையது. இரண்டு படகுகள் பேசியிருந்தேன்; ஒன்றுதான் வந்தது. மற்றொன்றுக்குக் காத்திருந்தால் நேரம் போகும், வேறொன்று பிடித்தால் பணம் போகும் என்று எண்ணி, நாற்பத்திரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றினேன். பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று தடுத்தார். இடுப்பளவு நீர்தானே ஐயா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். திரும்பும் வழியில் பாசி சுற்றிப் பொறி நின்றது. காற்று எழுந்தது. படகு சேற்றில் சாய்ந்தபடி மூன்று மணி நேரம் கிடந்தோம். இடுப்பளவு நீருக்கு அடியில் முழங்காலளவு சேறு இருக்கிறது என்பதை அன்று அறிந்தேன். இருட்டிய பின் வலைகாரர் சிலர் தம் சிறு தோணிகளோடு வந்து, குழந்தைகளை முதலில் என்று ஐவர் ஐவராகக் கரை சேர்த்தார்கள். என் அரைகுறைத் தெலுங்கில் கூலி என்ன என்று கேட்டேன். அவருள் முதியவர் பதில் சொல்லாமல் அடுத்த நடைக்குத் தோணியைத் திருப்பினார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் பத்து நாள் நீடித்தது. அதன் தாயார் இன்றும் எனக்கு வணக்கம் சொல்வார், வேறெதுவும் பேசமாட்டார். அவர் பேசாததில் நியாயம் உண்டு.

அந்தப் பாசி ஏன் அங்கே இருந்தது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். ஆறுகள் கொணர்ந்த வண்டல் கடல்வாயைத் தூர்த்துவிட, காயலில் உப்புக் குறைந்து பாசியும் கோரையும் மண்டின, மீன் அருகியது. 1981இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சில்காவை 1993இல் அழியும் நிலையிலுள்ள நீர்நிலைகளின் பட்டியலுக்கு மாற்றினார்கள். 2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புதுவாய் திறந்தனர். கடல்நீர் புகுந்தது, பாசி குறைந்தது, மீன் பெருகியது. 2002இல் அப்பட்டியலிலிருந்து சில்கா விடுபட்டது.

வண்டல் மட்டுமன்று துன்பம். இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும், பணம் படைத்தோர் காயலுக்குள் வேலியிட்டு இறாற்பண்ணை அமைத்தனர். தலைமுறைதோறும் வலைவீசிய இடத்தில் வலைகாரனுக்கு வழி இல்லாமற் போயிற்று. இதே துன்பம் நாகப்பட்டினக் கடற்கரையில் உழவரைத் தாக்கியபோது, சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11ஆம் நாள் வந்த தீர்ப்பு, சில்கா, பழவேற்காடு ஆகிய இரண்டையும் பெயர் சொல்லி, அவற்றைச் சூழ ஆயிரம் மீட்டருக்குள் அத்தகைய பண்ணை கூடாது என்றது. தமிழ்நாட்டுக் கிழவர் ஒருவர் தொடுத்த வழக்கில் ஒடிய நாட்டு வலைகாரனுக்கும் நீதி கிடைத்தது. தீர்ப்புக்குப் பின்னும் வேலிகள் முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் கூலி வாங்காமல் திரும்பிய அந்த முதியவரை நினைக்கும்போது, நம்மவர் ஒருவராவது அவருக்குச் சிறிது கடன் அடைத்திருக்கிறார் என்று எனக்கு ஓர் ஆறுதல். என் கடன் அப்படியே நிற்கிறது.

ஆகவே சில நிபந்தனைகளோடுதான் இவ்வுலாவை முன்மொழிகிறேன். வெள்ளி இரவு புறப்பட்டு, சனிக்கிழமை பகல் காயலில் கழித்து, அன்றிரவு வண்டியிலேயே திரும்ப வேண்டும். கால்பைசாகிக் காற்றுக்கு வெகு முன்னதாக, மார்கழியிலேயே போக வேண்டும். படகுகளை உள்ளூர்ப் படகோட்டிகளிடமே பேசி, அவர்கள் கேட்கும் நியாயமான கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். மிதவைச் சட்டை அணியாதவர் படகேறக் கூடாது, தலைவரானாலும் சரியே. பிற்பகல் நான்கு மணிக்குப் பின் எந்தப் படகும் நீரில் இருக்கக் கூடாது. முழங்கால் வலியுள்ள பெரியோர்க்காக ஒரு சிறு மரப்படி எடுத்துச் செல்வோம். கட்டுச்சோறு புளியோதரையும் தயிர்ச்சோறும். இலையிற் கட்டியே கொண்டு வருவோம், பிளாஸ்டிக் வேண்டா.

ஒரு படகின் உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ, அதில் நால்வரைக் குறைத்தே ஏற்ற வேண்டும். அதற்குமேல் ஒரு பெயர் வந்தாலும் இன்னொரு படகு பேசுவோம். படகு கிடைக்காவிட்டால் எஞ்சியவர் கரையில் நிற்போம். முதலில் கரையில் நிற்பவன் நான். பெயர்ப்பட்டியலைக் கார்த்திகை முடிவதற்குள் நிறைவு செய்ய வேண்டும். அப்பட்டியல் என் கையில் இருக்க வேண்டா என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பத்து நாள் காய்ச்சலில் தம் குழந்தையின் அருகே விழித்திருந்த அந்த அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அதை ஏற்று, தம் கையால் எண்ணி எங்களைப் படகேற்றுவதாயின், நான் என் பெயரை இப்போதே கொடுக்கிறேன்.