தில்லித் தமிழரும் அவர்தம் தொழில்களும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசுமாறு நமக்குக் குறிக்கப்பெற்ற பொருள் தொழில் என்பது. இதற்கென நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களை எடுத்துப் புரட்டினோம். ஒவ்வொரு மலரின் இறுதியிலும் உறுப்பினர் பட்டியல் ஒன்று உண்டு. பெயர், குடியிருப்பு எண், வகிக்கும் பதவி என மூன்று பத்திகள். பட்டியலை நோக்க நோக்க ஒரு மகிழ்ச்சியும் ஓர் உறுத்தலும் சேர்ந்தே எழுந்தன. மகிழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

1911-ஆம் ஆண்டில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அதன்பின் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நம்மவர் வடக்கே வந்ததற்குக் காரணம் வீரமன்று, தட்டெழுத்தே. ஊர்தோறும் இருந்த வணிகவியல் பயிற்சிக் கூடங்களில், பள்ளியிறுதி முடித்த பிள்ளை, துணியால் விசைகளை மறைத்துக்கொண்டு 'ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்' என்று விரல் பழகினான். லோயர், ஹையர் எனத் தேறினான். பிட்மன் சுருக்கெழுத்தையும் கற்றான். உள்ளூரில் அத்தனை பேருக்கும் நாற்காலி இல்லை. அத்தான் ஒருவர் தில்லியில் இருப்பார். அவருக்கு ஒரு கடிதம் போகும். பையன் தகரப் பெட்டியுடன் ரயிலேறுவான். மைத்துனன் மைத்துனனை அழைத்ததே நம் குடியேற்றத்தின் வரலாறு. இதைச் சொல்ல நாணவேண்டியதில்லை.

அக்காலத்தில் அரசாங்கம் கோடையில் சிம்லா ஏறும். குளிர்காலத்தில் தில்லி இறங்கும். கோப்புகள் பெட்டிகளில் ஏறும்போது குமாஸ்தாவின் குடும்பமும் உடன் ஏறும். அவ்வாறு மலைக்கும் சமவெளிக்குமாக அலைந்த குழந்தைகளின் படிப்பைக் கருதியே 1923-ல் மதராஸி கல்விச் சங்கம் தோன்றியது. அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் எழுந்தது. மலை மந்திர் 1973-ல் குடமுழுக்குக் கண்டது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசும் அவற்றில் உண்டு என்பதை நம் மூத்தோர் அறிவர்.

தட்டெழுத்துப் பொறி போய்விட்டது. 1955-ல் நம் நாட்டிலேயே அதனைச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009-ல் அத்தொழிலை நிறுத்தியது. பேரப்பிள்ளைகள் குர்காவோனிலும் நொய்டாவிலும் கணினி முன் அமர்ந்திருக்கின்றனர். விசைகள் மட்டும் அதே வரிசையில்தான் உள்ளன! பட்டியலின் மூன்றாம் பத்தியும் மாறியது: தட்டெழுத்தர் போய்க் கணக்காயரும், மருத்துவரும், பொறியாளரும், வழக்கறிஞரும் வந்தனர். நம் பெண்மக்கள் அப்பத்தியில் தம் பெயராலேயே இடம் பெறலாயினர். இதற்கு மேல் இதனை விரிக்கப் போவதில்லை; ஒவ்வோர் ஆண்டு மலரிலும் யாரேனும் விரித்து எழுதியே இருக்கின்றனர்.

இனி உறுத்தலுக்கு வருகிறோம்.

ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயின் கரையில் மதராஸி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. அவ்வீடுகளின் பெண்கள் ஜங்புராவிலும் போகலிலும் நிஜாமுதீனிலும் பாத்திரம் துலக்கினர், வீடு பெருக்கினர், சமைத்தனர், குழந்தைகளைத் தூக்கி வளர்த்தனர். நம்முள் பலருடைய வீட்டுச் சாவி அவர்கள் இடுப்பில் இருந்தது. அவர்களும் நம்மைப் போன்றே வந்தவர்கள்தாம். சின்னம்மா மகளுக்குச் சொல்லியனுப்பி, தான் வேலை செய்யும் தெருவிலேயே இன்னொரு வீடு பிடித்துக் கொடுத்து வரவழைத்தனர். அத்தான் எழுதிய கடிதத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒன்றுக்கு ஓய்வூதியம் உண்டு, மற்றதற்கு இல்லை. அவ்வளவே.

எனினும், நாம் புரட்டிய மலர்களில் அந்தக் கேம்பைச் சேர்ந்த பெயர் ஒன்றுகூட இல்லை. 'வீட்டு வேலை' என்ற சொல்லை மூன்றாம் பத்தியில் அச்சிட நமக்கு மனம் வரவில்லை போலும். விழா நாளில் பந்திப் பாத்திரங்களைத் துலக்க மட்டும் அவர்களை அழைத்திருக்கிறோம். இதைப் பிறர்மேற் பழியாகச் சொல்லவில்லை. அம்மலர்களுள் இரண்டின் பட்டியலைத் தொகுத்துக் கொடுத்தது நம் கையே.

2025 ஜூன் முதல் நாள் நீதிமன்ற ஆணையின்படி அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. கால்வாயைத் தூர்வாருவதற்கு அது தடை என்பது காரணம். 370 வீடுகளுள் 189-க்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டென முடிவாயிற்று. அவ்வீடுகளும் எங்கே? நகரின் வடகோடியில், நரேலாவில்.

வழக்கின் நியாய அநியாயம் நம் பேச்சன்று. தொழிலைப் பற்றி மட்டும் பேசுவோம். வீட்டு வேலை என்பது கால்நடைத் தொலைவில் மட்டுமே நடக்கும் தொழில். விடியலில் ஒரு வீடு, பத்து மணிக்கு ஒரு வீடு, மாலையில் மீண்டும் முதல் வீடு என்று மூன்று நான்கு வீடுகளைச் சேர்த்தால்தான் அது ஒரு சம்பளமாகும். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து பேருந்தில் வருபவள் ஒரு வீட்டுக்கு வந்துபோவதற்குள் பகல் முடிந்துவிடும். பிள்ளைகளின் நிலையும் அதுவே. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு அது எட்டாத தொலைவாயிற்று. குமாஸ்தாவின் அலுவலகம் இடம் மாறியபோது அவன் குடும்பமும் சம்பளமும் உடன் மாறின. அவன் பிள்ளைகளுக்கென ஒரு கல்விச் சங்கமே பிறந்தது. இவர்களுக்கோ வீடு மட்டும் மாறிற்று. வேலையும் பள்ளியும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

எட்டு ஆண்டுகள் நம் இல்லத்தில் சமைத்த அம்மையார் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியிற் பேசினார். கேட்டது பணமன்று, பேத்திக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் கிடைக்குமா என்று கேட்டார். நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

ஆகையால் செயற்குழுவின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஞாயிறுதோறும் நரேலாவில் ஒரு தமிழ் வகுப்பு நடத்துதல் ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் ஒப்புக்கொண்டுள்ளனர். போக்குவரத்துச் செலவு மட்டுமே வேண்டும். வரும் ஆண்டு மலரின் பட்டியலில் அக்குடும்பங்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, அவரவர் செய்யும் தொழிலை உள்ளபடியே அச்சிடுதல் மற்றொன்று. பதிவேடு வாயிலருகே மேசைமேல் இருக்கிறது.

அவர்களுள் நான்கு குடும்பத்தார் இன்று விருந்தினராக வந்து பின்வரிசையில் அமர்ந்துள்ளனர். நரேலா செல்லும் பேருந்தை அவர்கள் பிடிக்கவேண்டியிருப்பதால், நாடகத்திற்கு முன்பாகவே சிற்றுண்டியை வழங்கிவிடுமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.