மந்திரவாதியின் நோட்டுப் புத்தகம்

(இளையர் பொழுதுபோக்கு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு முன்னால் பேசிய இருவரும் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசினார்கள். நான் கணினியே தேவைப்படாத ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு மேசை, நாலைந்து நண்பர்கள், காகிதம், பென்சில், சில பகடைகள். அவ்வளவுதான். பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974இல் வெளிவந்தது.

இதைப் பற்றி நான் பேசுவதற்குக் காரணம் என் அக்காள் மகன். படிவம் நான்கில் படிக்கிறான். ஒரு நாள் இரவு அக்கா போனில் அழுதாள். பையனுடைய நோட்டைத் திறந்தாளாம். "மந்திரவாதி", "மந்திரப் புத்தகம்" என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறானாம். பயந்துபோய் நோட்டைக் குப்பையில் போட்டுவிட்டாள். மறுநாள் காலையில் குப்பை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் மந்திரவாதி என்றால் எலுமிச்சம்பழமும் செய்வினையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலேயே 1980களில் பெற்றோர் பலருக்கு இதே பயம் இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் என்ற சொற்களையே தவிர்த்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த விளையாட்டில் வருகிற 'விசார்ட்' நாம் நினைக்கிற மந்திரவாதி இல்லை. அவன் ஒரு மாணவன். பூசாரிப் பாத்திரம் தெய்வத்திடமிருந்து சக்தி பெறும். 'சோர்சரர்' என்ற பாத்திரத்துக்குப் பிறவியிலேயே சக்தி உண்டு. விசார்டுக்கு இரண்டும் இல்லை. படித்தால்தான் உண்டு. இது எனக்கும் தெரியாது. பையன்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, முதல் நிலையில் அவனுடைய புத்தகத்தில் ஆறு மந்திரங்கள் இருக்கும். ஒவ்வொரு நிலை உயரும்போதும் இரண்டு சேரும். அது அவனுடைய சொந்த ஆராய்ச்சி என்று கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தேடித்தான் எடுக்க வேண்டும். பாழடைந்த கோபுரத்தில் ஒரு சுருள் கிடைக்கலாம், இன்னொரு விசார்டின் புத்தகம் கிடைக்கலாம். அதைப் பார்த்துத் தன் புத்தகத்தில் எழுத வேண்டும். மந்திரத்தின் நிலை ஒன்றுக்கு 2 மணி நேரம், 50 பொற்காசு. மை சும்மா வராதல்லவா!

பையன் 'ஃபயர்பால்' எழுதிய கதையைக் கேளுங்கள். அது மூன்றாம் நிலை மந்திரம். ஆக 6 மணி நேரம், 150 பொற்காசு. சுருளிலிருந்து எழுதுவதால் இருபது முகப் பகடையையும் உருட்ட வேண்டும். 10உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டினால் 13. அதை எட்ட வேண்டும். அவனுடைய பாத்திரத்தின் அறிவுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து 7 கிடைக்கும். எனவே பகடையில் 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். வென்றாலும் தோற்றாலும் சுருள் அழிந்துவிடும், மறுவாய்ப்புக் கிடையாது. அவனுக்கு 11 விழுந்தது. 1978 விதிநூல் இதைவிடக் கடுமை. அறிவு 18 உள்ளவனுக்கே ஒரு மந்திரம் மண்டையில் ஏற 85 விழுக்காடுதான் வாய்ப்பு. நான் டிப்ளோமா படித்த காலத்தில் சில பாடங்கள் எனக்கும் அப்படித்தான்.

புத்தகத்தில் இருப்பதையெல்லாம் உடனே பயன்படுத்தவும் முடியாது. ஐந்தாம் நிலை விசார்டான அவனிடம் 15 மந்திரங்கள் இருந்தன. ஓய்வெடுத்து எழுந்த பிறகு அவற்றில் 9 மட்டும் தயார் செய்துகொள்ளலாம். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகளில், மந்திரவாதிகள் சில மந்திரங்களைத்தான் மனத்தில் சுமப்பார்கள். சொன்னதும் மறந்துவிடும். கைகாக்ஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இப்போதைய விதியில் மறதி இல்லை, ஆனால் 'தயார் செய்வது' மட்டும் நின்றுவிட்டது.

இப்போது குப்பை லாரிக்கு வருகிறேன். அந்த வாரம் ஆட்டத்தை நடத்திய நண்பன் ஒரு முடிவு சொன்னான். "உன் நோட்டு தொலைஞ்சிருச்சு, அதனால கதையிலயும் உன் விசார்டோட புத்தகம் தொலைஞ்சிருச்சு." பள்ளிப்பையில் இருந்த ஒரு தாளில், தயார் செய்த 9 மந்திரங்களின் பெயர் மட்டும் இருந்தது. மனத்தில் இருப்பதைப் புதிய புத்தகத்தில் எழுத விதி இடம் கொடுக்கிறது. நிலை ஒன்றுக்கு 1 மணி நேரம், 10 பொற்காசு. முதல் நிலையில் நான்கு, இரண்டாம் நிலையில் மூன்று, மூன்றாம் நிலையில் இரண்டு. மொத்தம் 16 மணி நேரம், 160 பொற்காசு. மீதி ஆறும் போனது போனதுதான். ஃபயர்பாலும் அதில் சேர்த்தி. கதையில் அன்றைக்கு அவர்கள் ஒரு நூலகத்துக்குள் போவதாக இருந்ததால், நெருப்பு வேண்டாமென்று அதைத் தயார் செய்யாமல் விட்டிருந்தான்.

"கஷ்டமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"இருக்கு சித்தி. ஆனா விதி அப்படித்தான்லா."

அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் அக்காவை உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எங்கள் வீட்டில் வைக்கச் சொன்னேன். அக்கா மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றபடியே ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் எதுவும் வரவில்லை. நான்கு பையன்கள் ஒரு பாழடைந்த பாலத்தை எப்படித் தாண்டுவது என்று கூட்டல் கழித்தல் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த விசார்டு புத்தகத்துக்கு இன்னொரு நகல் எடுத்து வைக்கக் கூடாதா?"

"எடுக்கலாம்மா. அதுக்கும் அதே பத்துக் காசுதான். நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது அவன் பையில் இரண்டு புது நோட்டுகள் இருந்தன. கெட்டி அட்டை போட்டவை. யார் வாங்கி வைத்தது என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.