பொன்முகமும் முத்துக்குளித்த முகமும்



1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிப்பட்டது. 501 உரோமப் பொற்காசுகள்! அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பேரரசர்தம் முகங்களைத் தாங்கியவை. ஆயினும், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட காசுகளில் அரசன் தலைமீது ஆழ்ந்த வெட்டு ஒன்று விழுந்திருந்தது.

அவ்வெட்டு உரைப்பது யாது? உரோமில் அம்முகம் ஆட்சியின் ஆணை. கடல் கடந்தபின் அது வெறும் பொன். காசு மீண்டும் காசாக வழங்காமல், எடைக்குப் பொன்னாகவே நிற்பதற்கு இவ்வாறு வெட்டினர் என்பர் நாணயவியலார் பலர். நீரோ மன்னன் கி.பி. 64இல் பொற்காசின் எடையைக் குறைத்தான். அவன் ஆணை உரோமில் செல்லும். தமிழகத்துத் துலாக்கோலிடம் செல்லாது!

இப்பொன் எதற்காக வந்தது? மிளகுக்கு வந்ததை அகநானூறு அறிவிக்கும். முத்துக்கு வந்ததை உரோமரே அறிவிப்பர். லொல்லியா பவுலினா என்னும் சீமாட்டி 4 கோடி செஸ்டர்ஸ் பெறுமான முத்தும் மரகதமும் அணிந்து ஒரு விருந்தில் அமர்ந்திருந்ததைப் பிளினி எழுதி வைத்தார். நூறு செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. எனவே, அவ்வணிகலன்களின் விலை 4 இலட்சம் பொற்காசு!

அக்காலத்து முத்துக்குப் புகழ்பெற்ற துறை, இந்நாசரேத்துக்கு வடகிழக்கே உள்ள கொற்கை. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, இன்று அது நெல்வயல் சூழ்ந்த உள்நாட்டுச் சிற்றூர். கால்டுவெல் அங்கே அகழ்ந்து பார்த்ததும் அப்பழம்பெருமையைத் தேடியே.

முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'பெரிப்ளூஸ்' அதனைக் 'கொல்கி' என்று குறிக்கிறது. பாண்டியருக்குரிய அம்முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளே ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகிறது. ஒரே வரி, பெயர் இல்லை, ஊர் இல்லை. மூச்சடக்கிக் கடலடி சென்றோருள் மீளாதவர் எத்துணையர்? கணக்கும் இல்லை.

வெட்டுண்ட பின்னும் அரசன் முகம் பொன்னில் நிலைத்திருக்கிறது. குளித்தவன் முகத்தைப் பொறிக்க எந்த அக்கசாலையும் முன்வரவில்லை. கொற்கை முத்தைப் பாடாத புலவர் குறைவு. அதனை எடுத்த கையைப் பாடியோர் அதனினும் குறைவு. அக்கடன் இன்னும் தீரவில்லை. கவிஞர்களே, அதனைத் தீர்க்கவல்ல நாணயம் சொல் ஒன்றே. அதனை அடிக்கும் அக்கசாலை உங்கள் கையில் உள்ளது.