வீட்டில் சொல்லி வையுங்கள்

(போர்ட் கிள்ளானில் மூத்த குடிமக்களிடம் உறுப்பு தானம் பற்றி ஆற்றிய உரை)



இன்று உறுப்பு தானம் பற்றிப் பேசப் போகிறேன். நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நாம் சாவைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. வீடு யாருக்கு, நகை எந்த மகளுக்கு என்று சொல்லி வைக்கிறோம். ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு வாரிசு பெயர் கொடுத்து வைக்கிறோம். அஸ்தியை எங்கே கரைக்க வேண்டும் என்றுகூடப் பிள்ளைகளிடம் சொன்னவர்கள் இங்கே இருப்பீர்கள். உடம்பில் உள்ள கண்ணையும் சிறுநீரகத்தையும் என்ன செய்வது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அதைச் சொல்லி வையுங்கள் என்று கேட்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், ஏன் தேவை என்று பார்ப்போம். உங்கள் தெருவிலோ உறவிலோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவராவது இருப்பார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டிப் போட்ட வாழ்க்கை. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நம் நாட்டில் இப்படி வாழ்பவர்கள் 50,000 பேருக்கும் மேல். இவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவு. அந்த நோய் நம் இந்தியக் குடும்பங்களில் எவ்வளவு இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாற்று உறுப்புக்காகப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்கள்.

இந்தச் சிகிச்சை நமக்குப் புதிது அல்ல. 1975-ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. 1997-இல் தேசிய இருதயக் கழகத்தில் நாட்டின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சை நடந்தது. மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைகள் இருக்கின்றன. உறுப்புதான் கிடைப்பதில்லை.

தானம் செய்கிறோம் என்று பதிந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மூன்று லட்சம் பேருக்கும் மேல் பதிந்திருக்கிறார்கள். ஆனாலும் ஓர் ஆண்டில் உண்மையில் உறுப்பு கிடைப்பது, இறந்தவர்களில் சில பத்துப் பேரிடமிருந்துதான். ஏன் இப்படி? இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், உறுப்பு தானம் செய்யக்கூடிய வகையில் நேரும் மரணம் மிக அரிது. சிறுநீரகம், கல்லீரல், இருதயம், நுரையீரல் போன்றவற்றுக்கு இரத்த ஓட்டம் நிற்கக் கூடாது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாசக் கருவியின் உதவியோடு இருக்கும்போது மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே பெரும்பாலும் அவற்றைப் பெறுகிறார்கள். சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர், மூளையில் இரத்தக் குழாய் வெடித்தவர் போன்றவர்கள் இந்த நிலைக்குப் போகலாம்.

இரண்டாவது காரணம் குடும்பம். அந்த நேரத்தில் மருத்துவர் குடும்பத்தாரிடம்தான் கேட்பார். கட்டிலில் கிடப்பவர் பதிந்திருந்தாலும் கேட்பார். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு எல்லாரும் வீட்டுப் பெரியவரைப் பார்ப்பார்கள். பெரியப்பா வேண்டாம் என்றால் வேண்டாம். பாட்டி தலையை ஆட்டினால் சரி. நம் குடும்பங்களின் வழக்கம் இது. உங்களைத் தேடி வந்து நான் பேசுவதற்கும் அதுவே காரணம்.

ஸ்பெயின் நாட்டில் பத்து லட்சம் பேருக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் என்ற கணக்கில் இறந்தபின் உறுப்பு தானம் நடக்கிறது. நம் நாட்டில் அது ஒருவர் என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. மறுப்புச் சொல்லாத அனைவரும் தானம் செய்பவர்களே என்று ஸ்பெயினில் 1979-ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும் அங்கேகூடக் குடும்பத்தாரைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டம் எதுவானாலும், கடைசியில் வீட்டாரின் வாயிலிருந்து வரும் சொல்தான் முடிவு செய்கிறது.

இனி, பெரியவர்கள் மனத்தில் இருக்கும் தயக்கங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான்.

"பதிந்து வைத்தால் மருத்துவர்கள் என்னைக் காப்பாற்ற முயற்சி செய்ய மாட்டார்கள்." இந்தப் பயம் பலருக்கு உண்டு. உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் வேறு, உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்யும் குழு வேறு. மூளைச்சாவு என்பதை ஒரு மருத்துவர் தனியாக முடிவு செய்துவிட முடியாது. இரண்டு சிறப்பு மருத்துவர்கள் பரிசோதித்து, இடைவெளி விட்டு மீண்டும் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். அவர்கள் உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. மூளைச்சாவும் கோமாவும் ஒன்றல்ல. கோமாவில் இருப்பவருக்கு உயிர் இருக்கிறது, அவர் எழுந்துவிடவும் கூடும். மூளைச்சாவு அடைந்தவர் இறந்துவிட்டார். கருவி காற்றைச் செலுத்துவதால்தான் நெஞ்சு ஏறி இறங்குகிறது. உடம்பு சூடாக இருப்பதைத் தொட்டுப் பார்க்கும் தாய்க்கு இதை நம்புவது கடினம். அதனால்தான் மருத்துவர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். புரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"உடம்பைக் கோரமாக்கிவிடுவார்கள். சடங்கு செய்ய முடியாது." உறுப்பை எடுப்பது அறுவைச் சிகிச்சைக் கூடத்தில், மற்ற அறுவைச் சிகிச்சைகளைப் போலவே நடக்கிறது. முடிந்ததும் தையல் போட்டு, சுத்தம் செய்து உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்கிறார்கள். குளிப்பாட்டலாம், வேட்டி சேலை உடுத்தலாம், மாலை போடலாம், வாய்க்கரிசி போடலாம். கண் கொடுத்தவரின் முகமும் தூங்குபவர் முகம்போலவே இருக்கும். உடல் வந்து சேரச் சில மணி நேரம் கூடுதலாக ஆகலாம். அதை மட்டும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இதற்காகக் குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை.

"கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் கண் இல்லாமல் பிறப்போம்." அப்படியானால் கண்ணப்பரை நாம் ஏன் கும்பிடுகிறோம்? சிவன் கண்ணில் இரத்தம் வழிவதைக் கண்டு, அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பிய வேடர் அவர். மறு கண்ணையும் எடுக்கப் போனபோது இறைவனே தடுத்தார் என்பது பெரிய புராணக் கதை. கண் கொடுத்ததற்காக அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை, நாயன்மார் வரிசையில் இடம் கிடைத்தது. புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையையும் நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்? நம்மிடையே தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். கண், இருதய மாற்றுச் சிகிச்சையை நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று நம் நாட்டின் ஃபத்வா குழு 1970-இலேயே முடிவு செய்தது. கிறிஸ்துவக் குடும்பங்களில், இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் உறுப்பு தானத்தை அன்பின் செயலாகப் பாராட்டியது பலருக்கும் தெரிந்திருக்கும். மனம் அமைதியடையவில்லை என்றால் உங்கள் கோயில் குருக்களையோ, இமாமையோ, பாதிரியாரையோ கேளுங்கள்.

"எனக்கு எழுபது வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் இருக்கிறது. என் உறுப்பு யாருக்கு உதவும்?" இதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் பரிசோதித்துப் பார்த்து எது பயன்படும், எது பயன்படாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். குறிப்பாக, கண்ணுக்கு வயது பெரிய தடை இல்லை. மாற்றி வைப்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலத்தை. கண்ணாடி போட்டவர்களும், கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும்கூடக் கண் தானம் செய்ய முன்வரலாம். கண் போன்றவற்றை இருதயம் நின்ற பிறகும் எடுக்க முடியும். ஆனால் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். எனவே குடும்பத்தார் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும்.

இலங்கையைப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டில் டாக்டர் ஹட்சன் சில்வா அங்கே கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு அவருடைய தாயார் இறந்தபோது, தாயின் கண்ணையே ஒரு ஏழை விவசாயிக்குப் பொருத்தியவர் அவர். அந்தச் சிறிய நாட்டிலிருந்து பல்லாயிரம் விழிவெண்படலங்கள் வெளிநாடுகளுக்குப் போயிருக்கின்றன. கொடுத்தவர்களில் பலர் வயதானவர்கள்.

"பணக்காரனுக்குத்தானே போகும்?" உறுப்புகளை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. இரத்த வகை, திசுப் பொருத்தம், நோயின் கடுமை, காத்திருந்த காலம் போன்றவற்றைப் பார்த்துத்தான் யாருக்கு என்று முடிவாகிறது. இனம், மதம், வசதி பார்ப்பதில்லை. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை இரு தரப்பிடமும் சொல்வதில்லை.

தயக்கம் மாறும் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையன் விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தான். அவனுடைய பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். பெற்ற வயிறு பற்றி எரியும் நேரத்திலும் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். சென்னைப் போக்குவரத்தைக் காவல்துறை ஒழுங்கு செய்து கொடுக்க, அவனுடைய இருதயம் ஏறத்தாழ 11 நிமிடத்தில் நகரின் மறுபுறம் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமி பிழைத்தாள். அந்தச் செய்தி வீடு வீடாகப் பேசப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் எளிய கிராமத்துக் குடும்பங்களும் சம்மதம் சொல்லத் தொடங்கின. 2023-இல், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். வாய்விட்டுப் பேசியதால் வந்த மாற்றம் இது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, முடிவு செய்யுங்கள். அவசரம் இல்லை. எல்லா உறுப்புகளையும் கொடுக்கலாம், கண்ணை மட்டும் என்றும் சொல்லலாம்.

இரண்டு, பதிந்து கொள்ளுங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள மைசெஜாத்ரா செயலியிலேயே அதற்கான பகுதி இருக்கிறது. பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் செய்து தருவார்கள். பிறகு மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். நம் நாட்டின் 1974-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டப்படி விருப்பத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகவும் சொல்லலாம்.

மூன்று, வீட்டில் சொல்லுங்கள். இதுதான் முக்கியம். பதிந்த விவரம் செயலிக்குள் இருக்கும். பிள்ளைகளின் மனத்தில் இருக்காது. எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் ஒரு நாளில் சாதாரணமாகச் சொல்லுங்கள். "ஐயா, அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால், டாக்டர் கேட்டால், கண்ணையும் எடுக்க முடிந்ததையும் கொடுத்துவிடுங்கள். எனக்குச் சம்மதம்." இவ்வளவுதான். மகன் கோபப்படலாம். மகள் அழுதுவிடலாம். "இப்போது எதற்கம்மா இந்தப் பேச்சு?" என்பார்கள். பரவாயில்லை. காதில் விழுந்தால் போதும். ஒரு பிள்ளையிடம் மட்டும் சொல்லாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும், முடிந்தால் உங்கள் தம்பி தங்கைகளும் இருக்கும்போது சொல்லுங்கள். அப்போதுதான் பின்னால், "அப்பா அப்படிச் சொல்லவே இல்லை" என்ற சண்டை வராது.

நான்கு, அவர்களையும் கேளுங்கள். சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் எப்போதும் வயதானவராக இருப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் மகனாக, பேரனாக இருக்கலாம். அன்றைக்கு முடிவு உங்கள் வாயைப் பார்த்துக் காத்திருக்கலாம். அவர்களுடைய விருப்பம் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்தச் சுமையை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். பிள்ளை கேட்டுக்கொண்டதைச் செய்கிறோம் என்ற தெளிவாவது இருக்கும்.

வேண்டாம் என்பதுதான் உங்கள் முடிவு என்றால், அதையும் சொல்லி வையுங்கள். யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. அது தெரிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் குழப்பம் இருக்காது. உங்களுக்கு எது வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் வருத்தம்.

மேலும் விவரம் வேண்டுமானால், கோலாலம்பூர் மருத்துவமனையில் உள்ள தேசிய உறுப்பு மாற்று வள மையத்தை 1-800-88-9080 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்கப் போகும்போதும் கேட்கலாம்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேநீர் நேரத்தில் தனியாக வந்து கேளுங்கள்.