கண் பட்டுவிடும் என்று மறைத்தேன்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கடன் வாங்கித் தொழில் செய்து முன்னேறிய அனுபவங்களை இங்கே நிறையக் கேட்டோம். நான் என் மகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

2023 ஜனவரியில் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். 31 வாரத்திலேயே பிறந்துட்டாள். எடை 1,400 கிராம். 24 நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இருந்தோம். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, தோலோடு தோல் படும்படி வைத்துக்கொள்ளச் சொன்னாங்க. கங்காரு முறை என்று பேர். மணிக்கணக்கில் அப்படியே சாய்ந்து கிடப்பேன். மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கிட்டே இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னாங்க, "குறை மாசம்னு யார்கிட்டயும் சொல்லாதே. கண் பட்டுடும்." எனக்கும் அதுதான் சரின்னு பட்டது. நான் ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் இப்படி ஆச்சோ என்று உள்ளுக்குள் வெட்கம். குழுவில் யார் கேட்டாலும் "நல்லா இருக்கா" என்று முடித்துவிடுவேன்.

நான்கு நாள் கழித்துச் சேமிப்புப் பணம் வாங்க ஊக்குநர் அக்கா வந்தாங்க. கூடவே ஃபேஷன் டிசைனிங் படிக்கிற அவங்க மகளும் வந்தாள். அவள் போனில் ஒரு படம் காட்டினாள். 'பிரிட்டிஷ் வோக்' என்ற ஃபேஷன் பத்திரிகையின் 2023 பிப்ரவரி இதழ். அட்டையில் பிரியங்கா சோப்ரா. விஜய்யோட 'தமிழன்' படத்தில் நடிச்சவங்கதான்.

துணிமணிக்காக வாங்குகிற பத்திரிகைதானே என்று நினைத்தேன். அந்தப் பொண்ணு பேட்டியைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிடுச்சு. வாடகைத் தாய் மூலமாக 2022 ஜனவரியில் பிறந்த அவங்க மகளும் குறைமாதக் குழந்தை. தன் கையைவிடச் சின்னதாக இருந்தாளாம். நூறு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீட்டுக்கு வந்தாளாம்.

அவங்களுக்கு வசதி இருக்கு. நமக்கு வருகிற பஸ் செலவும், ஒரு நாள் கூலி போகிற கவலையும் அவங்களுக்கு இருக்காது. ஆனாலும் உலகமே பார்க்கிற இடத்தில் அவங்க அதைச் சொல்லிட்டாங்க. நான் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினேன். அக்கா படித்துவிட்டு, "பிறந்த 30 நாளுக்குள்ள கண் பரிசோதனைன்னு எழுதியிருக்கே! இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டாங்க. அன்று 28. குழந்தைதான் நன்றாகப் பார்க்கிறாளே என்று நான் அதைப் பெட்டியில் போட்டிருந்தேன்.

குழுவில் உள்கடனாக 3,000 ரூபாய் கொடுத்து மறுநாளே அனுப்பினாங்க. விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வதாக டாக்டர் சொன்னார். வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாதாம். விட்டுவிட்டால் பார்வையே போய்விடலாமாம். அடுத்த வாரம் லேசர் சிகிச்சை செய்தாங்க. இன்றைக்கு அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கன்வாடிக்குப் போகிறாள். படம் பார்த்துக் கதை சொல்கிறாள்.

கண் பட்டுவிடும் என்று மறைத்தேன். இன்னும் கொஞ்ச நாள் மறைத்திருந்தால் கண்ணே போயிருக்கும்.

சகோதரிகளே, 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்யணும். அதற்கு முன்பே வரச் சொன்னால் அப்பவே போகணும். ஒரு தடவையோடு நிறுத்தாமல், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை போகணும். மாதக் கூட்டத்தில் கணக்கு முடிந்ததும், "யார் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்கிறவளைக் குறை சொல்லாதீர்கள்.

என் மகள் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. இது அவளுடைய கதையும்தான். பெரியவளானதும் பெயர் சொல்வதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும்.