போர் ஓய்ந்த பின்



போர் ஓய்ந்தால் சமாதானம் வந்துவிட்டதென்று எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை யப்பானின் ஒக்கினாவாத் தீவு உணர்த்துகின்றது.

1945ஆம் ஆண்டுப் போரில் அத்தீவு மக்களுள் நால்வரில் ஒருவர் மாண்டனர் என்பர். பின்னர் 27 ஆண்டுகள் அங்கு அமெரிக்க ஆட்சி நிலவியது. 1972இல் தீவு யப்பானிடம் மீண்டது, படைத்தளங்களோ நீங்கவில்லை. யப்பானின் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த அம்மாகாணமே, அமெரிக்கப் படைகளுக்கென அந்நாட்டில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தைச் சுமக்கின்றது.

2017 டிசெம்பரில், புத்தென்மா விமானத் தளத்தை அடுத்துள்ள பாடசாலையொன்றின் விளையாட்டிடத்தில் ஹெலிகொப்டரின் யன்னலொன்று கழன்று வீழ்ந்தது. பிள்ளைகள் அவ்வேளை அங்கே தேகப்பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அதன்பின், விமானம் நெருங்குந்தோறும் பயிற்சியை விட்டு ஓடி ஒதுங்க அவர்கள் பழகவேண்டியதாயிற்று.

அப்பிள்ளைகளை எவரும் குறிவைக்கவில்லை. ஆயினும் அச்சம் அவர்கள் பங்காயிற்று. அடிக்கும் கை இன்னதெனச் சுட்டமுடியாத இத்தகைய தீங்கையே, நோர்வே அறிஞர் யொகான் கல்துங் 1969இல் அமைப்புசார் வன்முறை என விளக்கினார்.

புதிய தளத்துக்காகக் கடலை நிரப்புவதா என 2019இல் மாகாண மக்களிடம் வாக்கெடுக்கப்பட்டது. வாக்களித்தோருள் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வேண்டாமென்றனர். வேலையோ நிற்கவில்லை.

நாட்டின் பாதுகாப்பு எல்லார்க்கும் பொதுவெனில், அதன் பாரமும் பொதுவாதல் வேண்டும். ஒருவர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு மற்றவர் கொள்ளும் உறக்கத்தைச் சமாதானம் என்றல் தகுமோ?