கையிலுள்ள பிரதியும் காற்றிலுள்ள பிரதியும்



நான் ஆரணியிற் பிறந்து, ஆரணியில் வளர்ந்து, இவ்வட்டாரத்துப் பள்ளிகளிலேயே 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கமண்டல நாக நதிக்கரையிலுள்ள எங்கள் ஊரை நாடு அறிவது பட்டுச் சேலையால். ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. என் தந்தையாரும் தறி நெய்தவரே. ஆகவே, இன்று நான் பேசப்போவது திரைப்படத்தையும் கணிப்பொறி விளையாட்டையும் பற்றியே எனினும், பேச்சு அவ்வப்போது தறிக்குத் திரும்புமாயின் நேயர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் பேரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து, இணையத்தின் வழியே ஒரு பந்தய விளையாட்டை வாங்கினான். ஓராண்டுக் காலம் மகிழ்ந்து விளையாடினான். ஒருநாள் அது திறக்கவில்லை. அதனை இயக்கிவந்த நிறுவனம் தன் மையக் கணிப்பொறியை நிறுத்திவிட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. பையன் என்னிடம் வந்து, "தாத்தா, பணம் கொடுத்து வாங்கிய பொருள் எப்படி இல்லாமற் போகும்?" என்று கேட்டான். நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் எந்தக் கேள்விக்கும் அஞ்சாதவன் நான்; இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

ஒரு படத்தையோ விளையாட்டையோ விலை கொடுத்துப் பெறும்போது, தகடாகக் கையில் வாங்குவது நல்லதா, இணையத்தின் வழியே பெறுவது நல்லதா? "கையிலிருப்பதே நல்லது, இதில் என்ன ஐயம்?" என்று முதியவர்கள் சொல்லக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1989-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவை வாடகைக் கருவி கொண்டு வீடியோ நாடாவிற் பதிவு செய்தோம். மாணவர் நாடகம் முடிந்தபின், ஊர்த் தொழிலைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு என் தந்தையாரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் தம் வாழ்நாளில் மேடையேறியது அந்த ஒரு முறைதான். அந்த நாடாவை ஒரு பொக்கிஷம்போல் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். 1997-இல் தந்தையார் காலமானார். 2009-இல் குடும்பத்தார் கூடியபோது அவர் முகத்தைக் காணும் ஆவலோடு நாடாவை எடுத்தேன். நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது. கருவியில் இட்டதும் சிக்கி அறுந்தது. பூட்டு பத்திரமாகவே இருந்தது. உள்ளிருந்த பொருள்தான் போயிற்று.

ஆயினும் கதை அவ்வளவோடு முடியவில்லை. அந்த நாடகத்தில் நடித்த பழைய மாணவர் ஒருவர், தாம் நடித்த காட்சியைக் காண விரும்பி 2002-இல் அந்நாடாவை என்னிடம் இரவல் வாங்கிச் சென்றிருந்தார். அப்பொழுதே முழுவதையும் ஒரு குறுந்தகட்டிற் படியெடுத்து, பின்னர்த் தம் கணிப்பொறியிலும் ஏற்றி வைத்திருந்தார். என் தந்தையாரின் பேச்சு நான்கு நிமிடம், படம் இடையிடையே துள்ளினாலும் குரல் தெளிவாக, அவரிடம் இருந்தது. நான் பூட்டிக் காத்த பிரதி அழிந்தது. நான் கொடுத்த பிரதி பிழைத்தது.

இஃது என் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் தமிழ்த் திரைப்பட வரலாறே இதற்குச் சான்று. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் ஊமைப் படம். 1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும்படம், டி. பி. ராஜலட்சுமி நடித்தது. இவ்விரண்டில் ஒன்றையேனும் நாம் இன்று பார்க்க இயலாது. ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. அந்நாளையப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் தானே சிதையும். சுருளிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. கையிலே தொட்டுணரக்கூடிய கனமான பொருள்களாய் இருந்தும் அவை மறைந்தன.

அக்காலத்துத் தென்னிந்திய ஊமைப் படங்களுள் பிழைத்த 'மார்த்தாண்ட வர்மா'வின் கதை சுவையானது. சி. வி. இராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி 1933-இல் எடுக்கப்பட்ட படம் அது. நாவலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரத்துக் கமலாலயப் புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் முடக்கப்பட்டது, சுருள் அவர்களிடமே தங்கிவிட்டது. புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974-இல் அதனைப் பெற்றது. கொட்டகை கொட்டகையாக ஓடிய படங்கள் தேய்ந்து அழிய, வழக்கில் சிக்கி ஓடாமற் கிடந்த படம் தப்பியது! ஆனால், வழக்கு வந்து காக்கட்டும் என்று நாம் எல்லாப் படங்களையும் விட்டுவிட முடியுமா? காப்பகமும் தீக்கு விலக்கன்று. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல எரிந்து போயின.

"அப்படியானால் இணையப் பிரதியே சிறந்தது" என்று மாணவர்கள் சொல்வீர்கள். அவசரப்பட வேண்டா, மறுபக்கத்தையும் பார்ப்போம்.

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அவர்களுக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து அழித்தது. அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். ஆயினும், அந்நூலைப் படித்துக் குறிப்பெழுதி வந்த அமெரிக்க மாணவர் ஒருவர், தம் குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடுத்தார். புத்தகக் கடைக்காரர் இரவில் நம் வீட்டுக்குள் வந்து, அலமாரியிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு, விலையை மேசைமேல் வைத்துச் சென்றால் நாம் ஒப்புவோமா?

விளையாட்டிலும் இவ்வாறே. 2014-இல் வெளியான 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனைத் தகடாக வாங்கியவர்களும் விளையாட முடியவில்லை! தகடு கையில் இருந்தது. அது இயங்க வேண்டிய அனுமதியோ நிறுவனத்தின் மையக் கணிப்பொறியில் இருந்தது. இவ்வகைக் குறைகள் பெருகவே, கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. வாங்குபவர் பெறுவது பொருளன்று, பயன்படுத்தும் உரிமமே என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்கிறது அச்சட்டம். 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது.

என் பேரனின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. அவன் வாங்கியது விளையாட்டை அன்று, விளையாடும் உரிமத்தை. வீட்டை வாங்கியதாக எண்ணினான்; உண்மையில் வாடகைக்குக் குடியேறியிருந்தான். வாடகைக்கு இருப்பது குற்றமன்று. எத்தனை நாளைக்கு என்று அறியாமல் இருப்பதே துன்பம்.

இனித் தறிக்கு வருவோம். பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் உள்ள பூவேலையை நெய்வதற்கு ஜக்கார்டு என்னும் பெட்டியைத் தறியின்மேல் அமைப்பார்கள். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி உருவாக்கிய முறை அது. வடிவம் முழுவதும் அட்டைகளில் துளைகளாக இருக்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் தடைப்படும். அதற்கேற்பப் பாவின் இழைகள் உயரும், தாழும். பிற்காலத்துக் கணிப்பொறிகளுக்குத் துளையட்டை வழங்கும் எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. ஆகவே, கணிப்பொறி எங்கள் ஊர்த் தறிக்கு ஒருவகையில் உறவினரே.

என் தந்தையாரிடம் ஒரு மயில் வடிவத்தின் அட்டைக் கட்டு இருந்தது. அட்டை அவருடையது, யாரைக் கேட்டும் அவர் நெய்ய வேண்டியதில்லை. வேறு தறிக்கு மாற்றலாம். அண்டை வீட்டாருக்கு இரவல் தரலாம். ஆனால் எலி கடித்தால் மயிலின் கழுத்து போய்விடும். இன்று மின்னணு ஜக்கார்டு வந்திருக்கிறது. கட்டுக்கட்டான அட்டைகள் இல்லை; கணிப்பொறியில் வரைந்த வடிவம் சிறு நினைவுக் கருவியில் ஏறித் தறியை இயக்குகிறது. எலிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்த நினைவுக் கருவி பழுதாகி, வேறு பிரதியும் இல்லையென்றால், ஒரு நொடியில் மயில் முழுவதும் பறந்துவிடும்.

ஆகவே, மாணவர்களே, தகடா இணையமா என்று கேட்பது பாதிக் கேள்விதான். முழுக் கேள்வி மூன்று கூறுகளை உடையது. முதலாவது, இதனை மற்றொருவர் அனுமதியின்றி நான் பயன்படுத்த இயலுமா? இரண்டாவது, இதனை நான் பிறருக்குக் கொடுக்கவோ, என் மக்களுக்கு விட்டுச் செல்லவோ இயலுமா? மூன்றாவது, இஃது அழிந்தால் மற்றொரு பிரதி எங்கேனும் இருக்கிறதா? முதல் இரண்டில் நல்ல தகடு வெல்லும். மூன்றாவதில் கணிப்பொறிப் பிரதி வெல்லும். அனுமதிப் பூட்டு இல்லாத கோப்பாகக் கிடைக்குமாயின் அது மூன்றிலும் வெல்லும்.

அப்படிப்பட்ட கோப்புகளுக்கு நம் மொழியிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை யாரும் இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளும் வண்ணம் தந்துள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 97,000-க்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் சில ஏடுகளுக்கு வேறு பிரதியே இல்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்முறையிற் படியெடுத்து வருகிறது. நூலகத்தை இழந்த மக்களே பிரதியின் அருமையை உணர்ந்தனர். பனையோலைச் சுவடிகள் நம்மை வந்தடைந்ததும் இவ்வாறே. ஓலை சில நூற்றாண்டுக்குமேல் நில்லாது. நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். எழுதாமல் விட்டவை போயின. எஞ்சியவற்றை உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடி அச்சேற்றினார்.

நடைமுறைக்குச் சில சொல்வேன். ஒருமுறை பார்த்து மறக்கும் படமாயின் இணையத்திற் பாருங்கள்; அலமாரியை நிரப்ப வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் விரும்பும் படமாயின் தகடு கிடைக்குமானால் வாங்குங்கள். விளையாட்டாயின், இணையத் தொடர்பின்றி இயங்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். சில தகடுகளில் விளையாட்டு முழுமையாக இருப்பதில்லை. தகட்டை இயக்கும் கருவி நிலைத்திருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். வீடியோ நாடாக் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. திருட்டுப் பிரதியைச் சேமிப்பு என்று பெயரிட்டு அழைக்காதீர்கள். பிறர் உழைப்பைக் கவர்ந்து எதையும் காத்ததாகாது. உங்கள் குடும்பத்தின் குரலும் படமும் எங்கும் விலைக்குக் கிடைக்காதவை. அவற்றை ஒரே கைப்பேசியில் விட்டு வைக்காமல், இரண்டு இடங்களிலேனும் வையுங்கள். எங்கள் ஊரில் ஆயுத பூசையன்று தறியைத் துடைத்துப் பொட்டிடுவோம். அன்றே அப்பிரதிகளையும் திறந்து, இயங்குகின்றனவா என்று பாருங்கள்.

அந்த நான்கு நிமிடப் பேச்சில் என் தந்தையார் பாவு பிணைப்பதைப் பற்றித்தான் சொல்கிறார். ஒரு பாவு தீரும் தறுவாயில் அதனை அறுத்தெறிந்துவிடக் கூடாது. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைப் பிணைத்து முறுக்கி இழுத்தால்தான், அச்சிலும் விழுதிலும் மீண்டும் இழை கோக்கும் வேலை மிஞ்சும் என்கிறார். "பழைய இழை தறியில் இருக்கும்போதே பிணைத்துவிட வேண்டும், போனபிறகு தேடி என்ன பயன்?" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். அவர் நெசவைப் பற்றி மட்டுமே பேசினார். நாடாவும் தகடும் அவர் நினைவில் இருந்திரா.

சென்ற மாதம் என் பேரன் அந்தப் பேச்சை மூன்று பிரதிகள் எடுத்தான். ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம், ஒன்று வேலூரிலுள்ள என் மகளிடம் இருக்கிறது. அவன் இழந்த விளையாட்டு திரும்பவில்லை. ஆனால் எதை வாடகைக்குப் பெறலாம், எதைச் சொந்தமாக வைத்துக் காக்க வேண்டும் என்று பிரித்தறிய அவன் கற்றுக்கொண்டான். நீங்களும் இன்றிரவு உங்கள் வீட்டில் அத்தகைய பழைய நாடாவோ தகடோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.